மேலுமலை இறக்கம்

கிருஷ்ணகிரி
4 மே 2025

மாப்ளே மாதேசு,

நானும் உங்க அக்கா ராஜாத்தியும் நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. கம்பெனி கேன்டீன்ல தின்னு தின்னு, போன தடவை நம்ம வீட்டுக்கு வந்தப்ப உன் வயிறு முதல்ல வந்துச்சு, நீ அப்புறமா வந்த.

இந்தக் காலத்துல மாமன் காயிதம் எழுதுறானேன்னு சிரிப்ப. சிரிச்சுக்கோ. அஞ்சாவது வரைக்கும் போனது இன்னிக்குத்தான் உதவுது. கார் குடுத்தப்ப உங்க ஆளுங்க என் போன்ல என்னமோ ஒண்ணு ஏத்தி விட்டாங்க இல்ல, அது உள்ள உக்காந்து நான் பேசுறதையெல்லாம் கேக்குது. சும்மா சொல்லல. உங்க அக்காகிட்ட ஒரு நாள் மெத்தை வாங்கணும்னு பேசினேன். மறுநாள் போனைத் திறந்தா மெத்தை மெத்தையா வருது. அன்னையில இருந்து காரைப் பத்தி போன்ல மூச்சு விடுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். இந்தக் காயிதத்தை உங்க ஸ்டாஃப் பஸ் ஓட்டுற அன்புமணிகிட்டக் குடுத்து விடுறேன். அவனுக்குப் படிக்கத் தெரியும், ஆனா என் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. அந்த தைரியம்தான்.

இப்ப விசயத்துக்கு வரேன். உன் கம்பெனி புது பெட்ரோல் இஞ்சின் கண்டுபிடிச்சுதாம், அதைச் சோதிச்சுப் பாக்க டாக்சிக்காரங்களுக்கு ஆளுக்கொரு வெள்ளைக் காரைக் குடுத்து ஓட்டச் சொல்லுதாம், பெட்ரோலும் அவங்களே போடுவாங்களாம். எங்க மாமாகிட்டக் குடுங்க, நான் பொறுப்புன்னு நீ கையெழுத்துப் போட்ட. நல்லது. ஆனா மாப்ளே, பெட்ரோல் முள்ளு இறங்க மாட்டேங்குது. கிருஷ்ணகிரில இருந்து ஓசூரு, திரும்ப கிருஷ்ணகிரி, மறுபடி பேகேபள்ளி செக்போஸ்ட்டு வரைக்கும்னு அலையுறேன், முள்ளு இருந்த எடத்துலயே இருக்கு. கண்ணாடியைத் தட்டிப் பாத்தேன். வண்டியை ஆட்டிப் பாத்தேன். தீனி திங்காம பால் கறக்குற மாட்டை சந்தைல எவனாவது குடுத்தா வாங்குவியா நீ? கறக்குறது பால்தானான்னு மோந்து பாக்க மாட்ட?

அப்புறம் ஸ்டேரிங்குக்குக் கீழ ஒரு கறுப்புப் பெட்டி வெச்சிருக்காங்க, தீப்பெட்டி கணக்கா. பச்சை லைட்டு ஒண்ணு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு. எனக்கு இந்த வயசுல கண்ணடிக்க ஆள் வேண்டாம்னு உங்க சாருகிட்டச் சொல்லு.

முக்கியமானது இதான். போன வாரம் சூளகிரில ஒரு ஸ்வீட் கடை முன்னால நிறுத்தினேன். ஒரே ஒரு பாதுஷா. கூட யாரும் இல்ல. வீட்டுக்குள்ள கால் வெக்கிறேன், உங்க அக்கா கையில கரண்டியோட நிக்கிறா. சூளகிரி ஸ்வீட் கடைல உனக்கென்ன வேலைங்கிறா. அந்தப் பெட்டி சொல்லுச்சா, நீ சொன்னியா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும்.

உன் மாமன்
பெருமாள்


சூளகிரி
7 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அன்புமணி அண்ணன் என் கையில் கொடுக்கும்போது சிரித்தார். படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை, இங்கே சோதனைப் பிரிவில் எங்கள் போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் நானும் எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகத்துக்கு எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். இந்த இஞ்சினில் நாலு சிலிண்டர். மேடு ஏறும்போது நாலும் வேலை செய்யும். சமமான ரோட்டில் ஒரே வேகத்தில் போகும்போது இரண்டு போதும் என்று அதுவே முடிவு செய்து, மற்ற இரண்டுக்கும் பெட்ரோலை நிறுத்திவிடும். இறக்கத்தில் நீங்கள் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் நாலுக்குமே பெட்ரோல் போகாது. சக்கரம் சுற்றும் வேகமே இஞ்சினைச் சுற்ற வைக்கும். அதனால்தான் முள் இறங்குவதில்லை. மோசடி எதுவும் இல்லை.

பெட்டிக்குக் காது கிடையாது மாமா. வண்டி எங்கே போகிறது, இஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று எழுதி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. அதைத் தொடவே கூடாது. இறக்கத்தில் நியூட்ரல் போடக்கூடாது, கியரிலேயே வர வேண்டும். கார் கொடுத்த அன்றைக்கே எங்கள் இன்ஜினியர் விஜயகுமார் சார் இந்த இரண்டையும் உங்களிடம் சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கான்ட்ராக்டில் சேர்ந்து எத்தனை வருஷம் என்று உங்களுக்கே தெரியும். இந்த முறை எங்கள் பிரிவில் ஒருவரைத்தான் பர்மனென்ட் செய்யப் போகிறார்கள். என் பெயரை சார் எழுதி வைத்திருக்கிறார். நான் பொறுப்பேற்ற வண்டி ஒழுங்காக ஓடி முடிந்தால் ஜூனில் ஆர்டர். முடியாவிட்டால் இல்லை. பெண் வீட்டுக்காரர்களும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு சர்க்கரை இருக்கிறது. பாதுஷா வேண்டாம்.

மாதேஷ்


கிருஷ்ணகிரி
11 மே 2025

மாப்ளே,

எல்லாத்துக்கும் பதில் எழுதியிருக்க, கேட்டதுக்கு மட்டும் எழுதல. பெட்டியா நீயான்னு கேட்டேன். பெட்டிக்குக் காது இல்லைங்கிற. காது இல்லாதது கண்ணு வெச்சிருக்கும், அதைப் பாக்குறவனுக்கு வாயி இருக்கும். யாருக்குன்னு நான் சொல்லல.

இறக்கத்துல நாலுமே குடிக்காதாமில்ல. ஏன்டா, கியர்ல கிடந்தா இஞ்சின் உறுமுதே, உறுமுறது பட்டினியாவா உறுமுது? எங்க ஊர்ல கொள்ளு தின்ன குதிரைதான் கனைக்கும். குடிக்காம வண்டி போறதுன்னா அது நியூட்ரல் ஒண்ணுதான், தண்ணி ஓடுற மாதிரி சத்தமில்லாம இறங்கும். லாரில கிளீனரா ஏறுன நாள்ல இருந்து நான் பாக்குறேன். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்துல எவன் கியர்ல வரான்? புதுசா லைசென்ஸ் எடுத்தவன் வருவான், மாமியார் பக்கத்துல இருந்தா மாப்பிள்ளை வருவான்.

சரி சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. நியூட்ரல் போடல. பெட்டியைத் தொடல. போதுமா?

இன்னொரு கூத்து கேளு. மேலுமலை டீக்கடைல நிறுத்தியிருந்தேன். டீதான், சர்க்கரை இல்லாம, உங்க அக்காவுக்கு அதையும் சொல்லிடு. கர்நாடகா நம்பர் வண்டில ஒருத்தன் வந்து என் காரைச் சுத்திச் சுத்தி வரான். 'அண்ணா, ஸ்வல்ப பானெட் தெகிரி'ங்கிறான். கொஞ்சம் பானெட்டைத் திறந்து காட்டணுமாம் தொரைக்கு. மாமியார் வீட்டுச் சீதனம் சாமி, நல்ல நாள் பாத்துத்தான் திறப்போம்னு நானும் கன்னடத்துலயே சொன்னேன். அதுக்கும் விடாம போட்டோ எடுக்கப் பாத்தான். பானெட் மேல ஏறி உக்காந்துக்கிட்டேன். சூடு தாங்கல மாப்ளே, உன் பர்மனென்டுக்காகப் பொறுத்துக்கிட்டேன்.

உங்க இஞ்சினை நான் நம்புறேனோ இல்லையோ, அது ஜெயிக்கும். எத்தனை கார் விட்டிருந்தாலும் சரி, மைலேஜுல நம்ம காருதான் முன்னால நிக்கும். அது என் பொறுப்பு. எப்பிடின்னு கேக்காத.

பொண்ணு வீட்டுக்காரங்களைப் பத்தி எழுதியிருந்த. அவங்க எதுக்கு ஜூன் வரைக்கும் காத்திருக்காங்க? இந்த நாள்ல எவன் காத்திருக்கான்? விசாரிச்சுப் பாத்தியா?

பெருமாள்


சூளகிரி
24 மே 2025

மாமாவுக்கு,

இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

நேற்று விஜயகுமார் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சோதனைக்கு விட்ட கார்களிலேயே மைலேஜ் மோசமாக இருப்பது உங்கள் கார். மற்ற எல்லாம் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடுகின்றன. உங்களுடையது பழைய இஞ்சின் அளவுக்குக் குடிக்கிறது.

அது மட்டும் என்றால் இஞ்சினில் குறை என்று சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். நீங்கள் சூளகிரியில் இருந்து கிருஷ்ணகிரிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் மேலுமலையில் பெட்டி செத்துப்போகிறது. அடிவாரத்தில் குருபரப்பள்ளி வந்ததும் உயிர் வருகிறது. தினமும் அதே இடம். அதற்குப் பிறகு இஞ்சின் வேறு மாதிரி நடந்துகொள்கிறது, அதிகமாகக் குடிக்கிறது. ஒன்று யாரோ அந்த இடத்தில் பானெட்டைத் திறந்து கை வைக்கிறார்கள், இல்லை பெட்ரோலைத் திருடி இறக்குகிறார்கள், உங்கள் மாமா அங்கே யாரைப் பார்க்கிறார் என்று கேட்டார்.

எனக்கு உங்கள் கடிதத்தில் இருந்த கர்நாடகா நம்பர் வண்டி ஞாபகம் வந்தது. அதே மேலுமலை. போட்டிக் கம்பெனி ஆளாக இருக்குமோ என்று தோன்றியது. அதை நான் சாரிடம் சொல்லவில்லை. சொல்லாததால் இப்போது நானும் எதையோ மறைத்தவன் ஆகிவிட்டேன்.

பானெட் மேல் ஏறி உட்கார்ந்தேன் என்று எழுதினீர்கள். அதை நம்பித்தான் சிரித்தேன். இப்போது அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எப்படி ஜெயிக்கும் என்று கேட்காதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அக்காவின் ஸ்கூட்டிக்கு இந்த மாதம் எங்கே பெட்ரோல் போட்டீர்கள்? கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

என் ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அக்காவிடம் சொல்ல வேண்டாம். மேலுமலையில் என்ன நடக்கிறது?

மாதேஷ்


கிருஷ்ணகிரி
25 மே 2025

மாதேசு,

உன் காயிதத்தை அன்புமணி பஸ் ஸ்டாண்டுல வெச்சுக் குடுத்தான். காருக்குள்ள உக்காந்து படிச்சேன். சவாரிக்கு வந்த ரெண்டு பேரை வேற வண்டி பாத்துக்கச் சொல்லிட்டேன்.

பெட்ரோல் திருடன்னு நேராவே எழுதியிருக்கலாம். ஸ்கூட்டியைச் சுத்தி எதுக்கு வந்த? உங்க அக்கா ஸ்கூட்டி ஆடி மாசத்துல இருந்து பஞ்சராகி நிக்குது. சக்கரத்துக்குக் கீழ கோழி முட்டை வெக்கிது. போன தடவை வந்தப்ப அதைத் தாண்டித்தான் உள்ள வந்த. வயிறு மறைச்சிருக்கும்.

கர்நாடகாக்காரன் கதையை நான்தானே எழுதினேன்? காட்டிக் குடுக்குறவன் முன்கூட்டியே காயிதம் போட்டுச் சொல்லிட்டா காட்டிக் குடுப்பான்? இதைக்கூட யோசிக்காம உன்னை எதுக்கு பர்மனென்ட் பண்ணப் போறாங்க?

ஒண்ணு மட்டும் வெளிச்சமாச்சு. நான் எங்க நிக்கிறேன், எங்க போறேன்னு எல்லாமே அங்க திரையில தெரியுது, நீயும் பாக்குற. அப்ப பாதுஷா விசயத்தை உங்க அக்காகிட்டச் சொன்னது நீதான். ரெண்டு காயிதமா கேக்குறேன், பதில் இல்ல. நீ எனக்குப் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டது எனக்குக் கார் வாங்கிக் குடுக்கவா, இல்ல என்னை வேவு பாக்கவா? அக்காளும் தம்பியும் சேந்து போட்ட திட்டமான்னு நேத்து ராத்திரி சோத்துல கை வெச்சுக்கிட்டே யோசிச்சேன். அவ போட்ட சோத்தை அப்பிடியே மூடி வெச்சுட்டேன்.

மேலுமலைல என்ன நடக்குதுன்னு கேட்ட. ஒண்ணும் நடக்கல. காரை வந்து எடுத்துக்கிட்டுப் போ. என் பழைய வண்டி மரத்தடில தூசியோட நிக்குது. குடிக்கும், புகையும், ஆனா என்னை யாருகிட்டயும் போட்டுக் குடுக்காது.

பெருமாள்


சூளகிரி
29 மே 2025

மாமா,

ஆமாம், நான்தான் சொன்னேன். திரையில் உங்கள் கார் ஸ்வீட் கடை முன்னால் நின்றதைப் பார்த்துவிட்டு, கேட்டுக்குப் போய் என் போனை வாங்கி அக்காவுக்கு போன் செய்தேன். போன தீபாவளிக்குப் பிறகு உங்கள் காலில் புண் வந்து ஆறாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதது உங்களுக்குத் தெரியாது. விரல் மட்டும் இல்லை, பாதத்தையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதையும் உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் அன்றைக்கு நர்சிடம், ஒரு விரல் போனால் செருப்பு விலையில் குறைப்பார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதனால் சொன்னேன். திட்டம் எதுவும் போடவில்லை. ஆனால் நீங்கள் கேட்டபோதே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். பயந்து நழுவினேன்.

ஸ்கூட்டி விஷயம் தப்பு. அக்காவிடம் சொல்லாதீர்கள், அடிக்க வரும்.

ஆனால் மாமா, என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒண்ணும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டி தானாகச் சாவதில்லை. கையால் பிடுங்கினால்தான் அணையும். உங்களைத் தவிர காரில் யாரும் இல்லை. இதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு நல்லதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சார் ஒரு தாளை நீட்டுவார். பெருமாள் என்பவருக்கு இனி நான் பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் என் பெயர் தப்பும், ஆர்டர் திரும்ப வரலாம் என்கிறார். போடாவிட்டால் உங்களோடு நானும் வெளியே. அதற்குள் உண்மையை எழுதுங்கள். எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் சரி.

மாதேஷ்


கிருஷ்ணகிரி
1 ஜூன் 2025

மாப்ளே,

உனக்கு எழுதாம, உங்க விஜயகுமார் சாருகிட்டயே நேத்து போயிட்டேன். கேட்ல நீ பாத்துடக் கூடாதுன்னு உன் ஷிப்டு முடிஞ்சு போனப்புறம்தான் உள்ள போனேன். என் போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அதுல எனக்குப் பரம சந்தோசம்.

அவர் நாற்காலியைக் காட்டினார். உக்காரல. சார், மேலுமலைல பெட்டியைப் பிடுங்குறது நான்தான்னு ஆரம்பிச்சேன். ஏன்னு கேட்டார். அப்பத்தான் பெட்டிக்குத் தெரியாம நியூட்ரல் போட முடியும்னேன். இன்னும் சொல்லுங்கன்னார். வேற யாரையாவது காட்டிக் குடுப்பேன்னு காத்திருந்தார்போல. அதுக்கு மேல ஒண்ணும் இல்லைன்னதும் அவர் முகத்துல ஒரு ஏமாத்தம் தெரிஞ்சுது, சத்தியமா.

இதான்டா நடந்தது. நீ நியூட்ரல் போடாதன்னு எழுதின. நான் போடலன்னு எழுதினேன். ஆனா உன் இஞ்சின் ஜெயிக்கணுமே. இறக்கத்துல அது குடிக்காதுன்னு நீ சொன்னதை நான் நம்பல. கம்பெனிக்காரன் உனக்கும் சேத்துக் காதுல பூ வெச்சுட்டான்னு நினைச்சேன். என் வித்தையை நான் காட்டுறேன்னு மலை உச்சில பெட்டியைப் பிடுங்கிட்டு, நியூட்ரல்ல தள்ளி, சத்தமில்லாம இறங்கி, கீழ வந்து சொருகிடுவேன். சேத்து வெச்ச பெட்ரோல் எல்லாம் உன் கணக்குல ஏறுதுன்னு மனசுக்குள்ள ஒரே குளிர்ச்சி.

சார் என்னை அதே கார்ல கூட்டிக்கிட்டுப் போனார். மடியில கம்ப்யூட்டரு. முதல்ல உங்க வழில இறங்குங்கன்னார். இறங்கினேன். அப்புறம் மேல ஏறி வந்து கியர்ல இறங்கச் சொன்னார். திரையைக் காட்டினார். கியர்ல வரப்ப பெட்ரோல் கோடு தரையோட தரையா படுத்துருச்சு மாப்ளே. நியூட்ரல்ல அது எழுந்து உக்காந்து உறிஞ்சிக்கிட்டே வருது. அது போதாதுன்னு, பெட்டியைப் பிடுங்கினா இஞ்சின் மிரண்டு போயி நாலு சிலிண்டரையும் எழுப்பி விட்டுருமாம். திரும்ப சொருகினாலும் அடங்காதாம். வண்டியை அணைச்சு மறுபடி எடுக்குற வரைக்கும் நாலும் முழிச்சுக்கிட்டுக் குடிக்குமாம். நானோ ஏசி போட்டு, கிருஷ்ணகிரி ரவுண்டானால ஆள் ஏத்துற வரைக்கும் அணைக்குறதே இல்ல.

சார் கோவிச்சுக்கல. அதுதான் எனக்குத் தாங்கல. கம்ப்யூட்டரை மூடிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார்.

"பெருமாள், நீங்க உதவி பண்ணாம இருந்திருந்தா இந்தக் கார்தான் முதல்ல நின்னிருக்கும்."

உன்கிட்ட ஏன் சொல்லலன்னு நீ கேப்ப. சொல்லியிருந்தா நீ ஒண்ணு என்னைப் போட்டுக் குடுக்கணும், இல்ல எனக்காகப் பொய் சொல்லணும். ரெண்டையும் உன் தலைல கட்ட வேண்டாம்னு இருந்தேன். அது நல்ல யோசனைன்னு அப்ப தோணுச்சு. எனக்கு அப்ப எல்லாமே நல்ல யோசனையாத்தான் தோணுச்சு.

அவர் ஒரு வழி சொன்னார். பெட்டி அணையாம, கியர் மாறாம, இன்னும் ரெண்டு வாரம் நான் ஓட்டணும். ஆனா என் பேச்சை மட்டும் நம்பி விட முடியாதாம். கம்பெனி ஆள் ஒருத்தர் முன் சீட்டுல உக்காந்து மேலுமலை இறக்கம் முழுக்க என் கையைப் பாத்துக்கிட்டு வரணுமாம். நீதான் வருவேன்னு நினைக்கிறார். வா. என் கையைப் பாத்துக்கிட்டே வா. எனக்கு ரோசம் எல்லாம் தீந்து போச்சு.

பெருமாள்


சூளகிரி
3 ஜூன் 2025

மாமா,

நேற்று சார் இரண்டு தாளை மேசையில் வைத்தார். ஒன்று நான் உங்களுக்குப் பொறுப்பில்லை என்பது. இன்னொன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாட்சி சொல்கிறேன் என்பது. இரண்டிலும் போடவில்லை. மூன்றாவதாக ஒன்றை நானே எழுதிக் கொடுத்தேன். பெருமாள் தனியாக ஓட்டுவார், யாரும் உடன் போக வேண்டாம், பெட்டி ஒரு முறை அணைந்தாலும் என் கான்ட்ராக்டை அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம்.

சார் என்னைப் பார்த்த பார்வை உங்களுக்குப் பிடித்திருக்கும். இரண்டு முறை படித்துவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த முறை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

தனியாக ஓட்டுங்கள்.

மாதேஷ்


கிருஷ்ணகிரி
19 ஜூன் 2025

மாப்ளே,

ரெண்டு வாரம் முடிஞ்சுது. இன்னிக்கு மத்தியானம் உங்க சாரு எனக்கு போன் பண்ணினார், நானும் எடுத்துப் பேசினேன். மத்த கார் அளவுக்கு நம்மதும் வந்துருச்சாம், முதல் நம்பர் இல்ல, நடுவுல எங்கயோ. உன் ஆர்டர் திங்கக்கிழமை கைக்கு வருதாம். உங்க அக்கா கேட்டதும் அடுப்பை அணைச்சுட்டு வாசல்ல போயி நின்னுக்கிட்டா. யாருக்கோ காத்திருக்குற மாதிரி நின்னா. நான் கண்டுக்கல. அழுகைன்னா எனக்கு ஆகாது, பதிலுக்கு ஏதாவது கேலி பண்ணித் தொலைச்சுருவேன்.

ஆர்டரை வாங்கினதும் பின்பக்கமும் திருப்பிப் படி. அவங்க சின்ன எழுத்துல போடுறதை எல்லாம் பின்பக்கம்தான் போடுவாங்க.

முதல் நாள் இறக்கத்தைச் சொல்லணும். அன்னிக்கு ஓசூர்ல யாரும் ஏறல. காலியாத்தான் வந்தேன். சூளகிரி தாண்டினேன், வண்டி மேலுமலை உச்சிக்கு வந்துச்சு. என் இடது கை இருக்கே, அது எனக்கு முன்னாடியே கியரு மேல போயி உக்காந்துக்கிச்சு. எத்தனை வருசத்துப் பழக்கம்டா. தட்டி விட்டேன், திரும்ப வந்துச்சு. பின்னால மாங்கா லோடு வேன் ஒண்ணு ஆரன் அடிச்சே காதைக் கிழிச்சுட்டான். இவன் எதுக்கு இப்பிடி உறுமிக்கிட்டு இறங்குறான், பிரேக் போச்சான்னு நினைச்சிருப்பான். தாண்டும்போது தலையை வெளிய நீட்டி, தாத்தா, நியூட்ரல்ல விடு தாத்தான்னான். தாத்தாவாம். பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

உன் காயிதத்தைச் சட்டைப் பையிலதான் வெச்சிருந்தேன். அதைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரே ரோசனை. இவன் எதுக்கு இப்பிடி எழுதிக் குடுத்தான்? இதுல அவனுக்கு என்ன காரியம்? என்னைத் தனியா விட்டு வேற எதையாவது சோதிக்கிறானா? வேற கம்பெனில வேலை கிடைச்சிருச்சோ, அதான் துணிஞ்சுட்டானோ? பொண்ணு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டானோ? அக்காளுக்காகவான்னு பாத்தேன். அவளுக்காகன்னா பக்கத்துல உக்காந்து வந்திருந்தாலே போதும், வேலையைக் கொண்டுபோயி பணயம் வெச்சிருக்க வேண்டியதில்ல. நான் சந்தேகப்படுற ஆளு, உனக்குத் தெரியாததா. காசு வாங்காம வழி சொல்றவனையே ரெண்டு தடவை திரும்பிப் பாப்பேன். உச்சில இருந்து குருபரப்பள்ளி வரைக்கும் ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாத்துக்கிட்டே இறங்கினேன்.

எவ்வளவு தேடியும் ஒரு காரணமும் ஆம்புடல மாப்ளே. அதான் கியர்லயே வந்தேன்.

பெருமாள்